குதிரையோடு வேலை செய்யப் படிப்பு இருக்கிறதா? தங்கச்சிக்காகக் கேட்கிறேன்

நானுஓயா_அண்ணன் | செவ்வாய் இரவு 8.40

ஆறு வருடமாக இந்தக் களத்தில் வாசித்துவிட்டுப் பேசாமல் போகிறவன். இன்றுதான் முதல் இழை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிக்கு 19 வயது. உயர்தரம் உயிரியல் பிரிவில் எழுதினாள். மூன்று பாடமும் பாஸ். ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கான இஸட் புள்ளி மருத்துவத்துக்கும் காணாது, மிருக வைத்தியத்துக்கும் காணாது. வீட்டில் நர்சிங்குக்குப் போடு, இல்லாவிட்டால் டீச்சிங்குக்குப் போடு என்கிறார்கள். அவள் வாயில் ஒரே சொல்தான்: குதிரை.

எங்கள் சித்தப்பா நுவரெலியாவில் இரண்டு மட்டக்குதிரை வைத்து ஏரிப் பக்கம் சவாரி விடுகிறவர். பள்ளிக்கூட லீவு முழுக்க இவள் அங்கேதான் கிடப்பாள். சித்தப்பாவைவிட அந்த இரண்டுக்கும் இவளைத்தான் பிடிக்கும்.

அம்மா நேற்று சொன்னதை அப்படியே போடுகிறேன்: "உங்க தாத்தா தொரையோட குதிரைக்குப் புல்லு அறுத்தாரு. நான் 22 வருஷம் கொழுந்து எடுத்து ஒங்கள படிக்க வச்சேன். ஏ.எல் படிச்ச புள்ள திரும்பவும் குதிரைச் சாணி அள்ளப் போகுதா?" எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இலங்கையில் இதற்கென்று கல்லூரி, டிப்ளோமா ஏதும் இருக்கிறதா? வெளிநாட்டில் படித்தால் உண்மையில் வேலை கிடைக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கந்தப்பொல_கரட் | செவ்வாய் இரவு 8.52

இலங்கையில் குதிரைப் படிப்பா? குதிரைக் கொம்பு என்று சும்மாவா சொன்னார்கள்.

ரேஸ்கோர்ஸ்_தாத்தா | செவ்வாய் இரவு 9.30

தம்பி, நான் நுவரெலியா ரேஸ்கோர்ஸ் பக்கம் லாயத்தில் 31 வருடம் இருந்தவன். கண் சரியில்லை, நான் சொல்லச் சொல்லப் பேரன் தட்டுகிறான். எழுத்துப்பிழைக்கு அவன்தான் பொறுப்பு.

நுவரெலியாத் திடல் 1875இல் வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் வந்தது. கொழும்புத் திடல் 1893. கொழும்பில் 1956இல் ஓட்டமே நின்றுபோனது. இங்கே மட்டும் விட்டுவிட்டு, தட்டுத்தடுமாறி இன்னும் மூச்சு இருக்கிறது. ஏப்ரல் சீசனில் கவர்னர்ஸ் கப், குயீன்ஸ் கப் என்றால் இன்றைக்கும் கொழும்புச் சனம் தொப்பி போட்டுக்கொண்டு வந்து நிற்கும். தொப்பிக்காரர்கள் பார்ப்பது இரண்டு நிமிட ஓட்டம். அந்த இரண்டு நிமிடத்துக்கு நாங்கள் வருடம் முழுக்கக் காலை நாலரைக்கு எழும்புகிறோம்.

நம் மலைநாட்டுச் சனத்துக்கு ஒரு விநோதம் உண்டு, கவனித்தீர்களா? தோட்டத்தில் நாம் குடியிருக்கிற வரிசை வீட்டுக்கு, லைன் என்ற இங்கிலீஷ் சொல்லை லயம் ஆக்கிக்கொண்டோம். குதிரை கட்டுகிற இடம் லாயம். ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். எங்கள் அப்பா இருந்த தோட்டத்தில் துரையின் லாயத்துக்கு நம் லயத்தைவிட நல்ல கூரை. உங்கள் அம்மாவின் கோபம் எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும் தம்பி. அதைச் சின்னதாக நினைக்க வேண்டாம்.

படிப்பு என்றால் எங்களுக்குப் பெரிய சைஸ் (தலைமைக் குதிரைக்காரர்) தான் வாத்தியார். முதல் இரண்டு வருடம் முதுகில் ஏறவே விடமாட்டார். சாணம் அள்ளு, தண்ணீர் வாளியைக் கழுவு, குளம்பைத் தோண்டிச் சுத்தம் பண்ணு. "முகத்தைப் பார்க்க முன்னம் சாணத்தைப் பாரடா" என்பார். நல்ல குதிரை ஒரு நாளில் எட்டு, பத்து தடவை போடும். காலையில் வந்து எண்ணிப் பார்த்தால் ராத்திரி அதன் வயிறு எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். இதற்கு எந்தக் காகிதமும் எனக்குக் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்றபோது கையில் இருந்தது ஒரு பழைய கடிவாளம் மட்டும்.

பேராதனைப்_பழசு | புதன் காலை 6.15

மிருக வைத்தியர். படித்தது பேராதனையில், இப்போது வேலை ஊவாப் பக்கம். தங்கச்சிக்கு நேரான பதில் தருகிறேன்.

இலங்கையில் மிருக வைத்தியப் பட்டம் என்றால் பேராதனை ஒன்றுதான். ஐந்து வருடம். உயிரியல் பிரிவு, நல்ல இஸட் புள்ளி. அந்தக் கதவு இந்த முறை சாத்திக்கொண்டால் இன்னொரு முறை எழுதலாம். இரண்டாம் முறை எழுதி வந்தவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு எழுதட்டும். நாங்கள் படித்த ஐந்து வருடத்தில் கை வைத்தது பெரும்பாலும் மாடு, ஆடு, கோழி, நாய். குதிரை புத்தகத்தில் நிறைய இருந்தது, கைக்கு எட்டியது குறைவு. நான் தொட்ட முதல் குதிரை ஒரு கோயில் ஊர்வலத்துக்கு வந்தது. அது என்னை மிதித்தது.

பட்டம் வேண்டும், வைத்தியராக வேண்டிய கட்டாயம் இல்லை என்றால் பதுளை ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் விலங்கு விஞ்ஞானம் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து ரயிலில் போகலாம். குண்டசாலைப் பக்கம் கால்நடைத் திணைக்களத்தின் பள்ளியில் டிப்ளோமா உண்டு. இரண்டிலும் பாடம் பால்மாட்டைச் சுற்றித்தான். ஆனால் தீவனம், ஜீரணம், ஒட்டுண்ணி, இனப்பெருக்கம் எல்லாம் அடிப்படை. அதைப் பிடித்துக்கொண்டால் குதிரைக்குத் தாவுவது கஷ்டமில்லை. ஒரு பெரிய வித்தியாசத்தை மட்டும் மறக்கக் கூடாது. மாடு அசைபோடும், நாலு அறை வயிறு. குதிரைக்கு ஒரே வயிறு, அதுவும் உடம்புக்குப் பொருந்தாத சின்ன வயிறு, வாந்தி எடுக்கவே முடியாது. மாட்டுக்குக் கொடுக்கிற மாதிரி தவிட்டையும் புண்ணாக்கையும் ஒரே வேளையில் கொட்டினால் அதற்குச் சாவுதான்.

கணக்குப்பிள்ளை_72 | புதன் காலை 7.05

எல்லாரும் குதிரைப் பாசத்தில் இருக்கிறீர்கள். நான் கணக்கு மட்டும் கேட்கிறேன்.

நுவரெலியாவில் சவாரிக்குச் சனம் வருவது ஏப்ரலிலும் டிசம்பரிலும், நடுவே நீண்ட லீவு வந்தால் கொஞ்சம். மற்ற மாதம் மழை, பனி. மட்டக்குதிரைக்கு அந்த மாதங்களிலும் வயிறு இருக்கிறது. லாயம் வைத்திருக்கிற ஆட்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் எத்தனை பேர் ஏ.எல் படித்த பிள்ளைக்கு மாதச் சம்பளம், ஈ.பி.எப் எல்லாம் கொடுப்பார்கள்?

வெளிநாட்டுப் படிப்புக்கு பேங்க் லோன் என்று ஆரம்பித்தால், குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான். நர்சிங் நல்ல தொழில். லீவு நாளில் போய்க் குதிரையைத் தடவலாம்.

கொட்டகலை_டீச்சர் | புதன் பகல் 1.20

கணக்குப்பிள்ளை அண்ணா, கணக்கு சரி. ஆனால் லீவு நாளில் தடவுகிற பிள்ளை வேறு, வேலை நாளில் சாணம் எண்ணுகிற பிள்ளை வேறு. இந்தப் பிள்ளை எது என்று நமக்கு இன்னும் தெரியாது. அண்ணன் எழுதுகிறார், அம்மா பேசுகிறார், நாம் பத்துப் பேர் பதில் சொல்கிறோம். அவளை இழைக்கு வரச் சொல்லுங்கள் தம்பி.

டோஹா_சைஸ் | புதன் இரவு 11.48

சொந்த ஊர் ராகலைப் பக்கம். கத்தாரில் குதிரை லாயத்தில் ஒன்பதாவது வருடம். வேலை முடிந்து இப்போதுதான் படுத்தேன். சுருக்கமாக எழுத நினைத்தேன், நீண்டுவிட்டது.

வளைகுடாவில் குதிரைக்கு இருக்கிற மரியாதையைப் பார்த்தால் நம் ஆட்களுக்குத் தலை சுற்றும். குதிரைக்கு ஏசி, குதிரைக்கு நீச்சல் குளம், ஓட்டப் பயிற்சிக்கு மெஷின். இங்கே அல் ஷகப் என்று ஒரு பெரிய நிலையம் 1992இல் தொடங்கியது. அரபுக் குதிரை இனவிருத்தி, சவாரிப் பள்ளி, போட்டி அரங்கம் எல்லாம் ஒரே வளவுக்குள். அப்படியான இடத்தில் மேற்பார்வை வேலைக்கு எடுக்கிறவர்கள் கையில் சான்றிதழ் இருக்கும். என்னைப் போல அனுபவத்தோடு மட்டும் வந்தவன் ஒன்பது வருடமாகத் தூரிகையும் வாளியும்தான். எனக்கு அடுத்து வந்த பெண்பிள்ளை, வயது 24, ஐரோப்பாவில் எங்கேயோ இரண்டு வருடம் படித்துவிட்டு வந்தது, ஆறாம் மாதமே எனக்கு மேலாள். கோபம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு நாள் ராத்திரி ஒரு குதிரை வயிற்றுவலியில் உருண்டபோது அந்தப் பிள்ளை வைத்தியருக்கு போனில் சொன்னதைக் கேட்டேன். நாடி இவ்வளவு, மூச்சு இவ்வளவு, ஈறு இந்த நிறம், கடைசியாகச் சாணம் போட்டது இத்தனை மணிக்கு. எனக்கு அது எல்லாம் கண்ணுக்குத் தெரியும், வாயில் வராது. படிப்பு என்பது அந்த வாய்தான்.

இன்னொன்று. நான் முதலில் வந்தது ஒரு ஏஜென்சி மூலம். பெயர் வேண்டாம். "ரைடர்" வேலை என்று காசு வாங்கினார்கள். இறங்கிய பிறகு பாலைவனத்தில் ஆட்டுப் பட்டி, நாலு ஒட்டகம். ஏழு மாதம் ஒரு குதிரையின் வாலைக்கூடப் பார்க்கவில்லை. பாஸ்போர்ட் கையில் இல்லை. அதனால் யார் வந்தாலும் சொல்வேன்: ஒப்பந்தத்தில் வேலையின் பெயர் என்ன, எந்த ஊர், யார் முதலாளி என்று எழுத்தில் பார்க்காமல் பெட்டி கட்டாதீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் ஏறாதீர்கள்.

கந்தப்பொல_கரட் | வியாழன் காலை 5.50

அண்ணே, ஏசி லாயத்தில் மனிதனுக்கு இடம் இருந்தால் சொல்லுங்கள். எங்கள் லயத்தில் கூரை ஒழுகுகிறது.

டோஹா_சைஸ் | வியாழன் காலை 6.02

குதிரைக்குப் பக்கத்தில் நிற்கிற நேரம் எங்களுக்கும் ஏசிதான் தம்பி. அறைக்குத்தான் இல்லை.

ஹட்டன்_டு_ஹெரிபோர்ட் | வியாழன் மாலை 4.33

இங்கிலாந்தில் இருக்கிறேன். என் வேலை முதியோர் இல்லத்தில். மகள் பக்கத்துச் சவாரி நிலையத்தில் மூன்று வருடமாகச் சனி, ஞாயிறு சம்பளமில்லாமல் வேலை செய்து சவாரி பழகினாள், இப்போது முழுநேரம் படிக்கிறாள். அதனால் இந்தப் பக்கக் கதை கொஞ்சம் தெரியும்.

இங்கே மூன்று வழி இருக்கிறது. மூன்றையும் போட்டுக் குழப்பித்தான் ஏஜென்டுகள் காசு பிடுங்குகிறார்கள்.

முதலாவது பிரிட்டிஷ் ஹோர்ஸ் சொசைட்டியின் பரீட்சைகள். ஸ்டேஜ் 1, 2 என்று படிப்படியாக ஏறும். ஆரம்பத்தில் பராமரிப்பு தனி, சவாரி தனி. பராமரிப்பில் ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தி, கால்கட்டுப் போடு, சேணம் சரியா பார், இந்தக் குதிரைக்கு என்ன தீவனம், ஏன் என்று பரீட்சகர் கேட்பார். மேலே போகப் போக ஒரு லாயத்தையே நடத்தத் தெரிந்திருக்க வேண்டும், பிறருக்குக் கற்றுக் கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். பல நாட்டு லாயங்களில் இந்தச் சான்றிதழைக் கண்டால் என்னவென்று தெரியும்.

இரண்டாவது கல்லூரி, பல்கலைக்கழகம். குளொஸ்டர்ஷயரில் ஹார்ட்பரி என்று ஒன்று. விவசாயக் கல்லூரியாக இருந்தது, 2018இல் பல்கலைக்கழகம் ஆனது. குதிரை விஞ்ஞானம், குதிரை வணிகம் என்று பட்டம் தருகிறார்கள். வெளிநாட்டு மாணவருக்கு இருக்கிற நல்ல கதவும் இதுதான், பொல்லாத கதவும் இதுதான். கட்டணம் உள்ளூர்ப் பிள்ளை கட்டுவதைவிட நிறையக் கூட. லயத்து வீட்டை அடமானம் வைத்து வருகிற இடமில்லை. அதுவும் லயத்து வீட்டுக்கு உறுதி எங்கே இருக்கிறது!

மூன்றாவது ஓட்டக் குதிரைப் பள்ளிகள். நியூமார்கட்டில் பிரிட்டிஷ் ரேசிங் ஸ்கூல், அயர்லாந்தில் கில்டேரில் 1973இல் தொடங்கிய ரேஸ் அகாடமி. அயர்லாந்தின் தேசிய ஸ்டட் பண்ணையில் இனவிருத்திக்கென்று ஆறு மாதப் பாடநெறி ஒன்று. குட்டி போடுகிற பருவத்தில் வேலையோடு வேலையாகக் கற்றுக்கொடுப்பார்கள். அதற்கு உலகம் முழுக்க இருந்து விண்ணப்பிக்கிறார்கள். ஏற்கனவே குதிரையோடு கை பழகியவர்களைத்தான் எடுப்பார்கள்.

பெண்பிள்ளை என்று அம்மா யோசித்தால் ஒன்று சொல்லுங்கள். என் மகளின் வகுப்பில் இருப்பது முக்கால்வாசிக்கு மேல் பெண்பிள்ளைகள். இங்கே இது பெண்களின் வேலை என்றே பலர் நினைக்கிறார்கள். சம்பளம் குறைவாக இருப்பதற்கும் அதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கணக்குப்பிள்ளை_72 | வியாழன் மாலை 5.10

கடைசி வரியைத் தங்கச்சி இரண்டு தரம் வாசிக்கட்டும்.

மட்டறுத்துநர் | வியாழன் இரவு 7.00

"டுபாய் ஜாக்கி வேலை, பரீட்சை இல்லை, 15 நாளில் விசா" என்று வந்த பதிவை நீக்கியிருக்கிறேன். அதே ஆள் புதுப் பெயரில் வந்தால் உடனே சொல்லுங்கள்.

நானுஓயா_தங்கச்சி | வியாழன் இரவு 9.15

வணக்கம். நான்தான் அந்தத் தங்கச்சி. டீச்சர் சொன்னதால் வந்தேன்.

முதலில் ஒன்று. எனக்குச் சவாரியில் பெரிய ஆசை இல்லை. ஜாக்கி ஆகிற எடையும் எனக்கில்லை. எனக்குப் பிடித்தது அதன் உடம்பு. ஏன் இப்படி நிற்கிறது, ஏன் இன்றைக்குச் சாப்பிடவில்லை, அது.

கேள்வியோடுதான் வந்தேன். சித்தப்பாவின் சாம்பல் நிற போனிக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஒரு மாதமாக நல்ல மழை. போன கிழமை இடது முன்னங்காலைத் தூக்கினால் மெல்ல இழுத்துக்கொண்டது. நொண்டவில்லை. குளம்புக்கு அடியில் நடுவில் முக்கோணமாக ரப்பர் மாதிரி இருக்குமே, அதன் இரண்டு பக்கப் பள்ளத்திலும் கறுப்பாகச் சேறு மாதிரி அடைந்திருந்தது. கழுவினேன், போகவில்லை. கொக்கியால் குதியிலிருந்து நுனிப் பக்கமாகத் தோண்டினேன். மணம் தாங்க முடியவில்லை, அழுகிய முட்டை மாதிரி. சித்தப்பா "மழைக்கு அப்படித்தான்" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்ன செய்வது?

ரேஸ்கோர்ஸ்_தாத்தா | வியாழன் இரவு 9.40

அந்த முக்கோணத்துக்கு வெள்ளைக்காரன் தவளை என்று பேர் வைத்தான் அம்மா. ஏனென்று கேட்காதே. மணத்தை வைத்தே சொல்கிறேன், அது தவளை அழுகல். நுவரெலியா ஈரத்துக்கு வந்தே தீரும் என்று உன் சித்தப்பா சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதி, அது நிற்கிற இடம். மூத்திரத்தில் ஊறின மரத்தூளில் ராத்திரி முழுக்க நிற்கிறதா?

நானுஓயா_தங்கச்சி | வியாழன் இரவு 9.44

ஆமாம் தாத்தா. மரத்தூள் விலை கூடிவிட்டது என்று சித்தப்பா கிழமைக்கு ஒருமுறைதான் மாற்றுகிறார்.

பேராதனைப்_பழசு | வியாழன் இரவு 10.05

தாத்தா சொன்னது சரி. காற்றில்லாத ஈரமான பள்ளத்தில் வளர்கிற கிருமிகள் அந்தத் திசுவைத் தின்கின்றன. நல்ல வேளை, ஆழமாகப் போகமுன் கண்டுபிடித்திருக்கிறாய். தினமும் இரண்டு முறை தோண்டிச் சுத்தம் செய். துணியால் ஒற்றிக் காயவிடு. நனைந்த மரத்தூளைத் தினமும் அள்ளு, முழுவதும் மாற்றக் காசில்லாவிட்டால் நனைந்த இடத்தை மட்டுமாவது. அயடீன் கரைசலைப் பஞ்சில் நனைத்துப் பள்ளத்தில் வை. அழுகிய தோல் தொங்கினால் நீ வெட்டாதே, லாடக்காரர் அல்லது வைத்தியர் வெட்டட்டும். இரத்தம் வந்தாலோ, நொண்ட ஆரம்பித்தாலோ காத்திருக்காமல் உன் பிரதேச மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல். ஏர்ப்புத்தடை (டெட்டனஸ்) ஊசி எப்போது போட்டது என்றும் சித்தப்பாவிடம் கேள். குதிரைக்கு ஏர்ப்புவலி சீக்கிரம் பிடிக்கும்.

இப்போது என் முறை. நாடி எடுக்கத் தெரியுமா?

நானுஓயா_தங்கச்சி | வியாழன் இரவு 10.11

தெரியாது டொக்டர்.

பேராதனைப்_பழசு | வியாழன் இரவு 10.30

தாடை எலும்பின் கீழ் விளிம்பில் விரலை வைத்து மெல்ல உள்பக்கம் தடவு. நூல்கண்டு மாதிரி ஒன்று உருளும், அதுதான் நாடி. கட்டைவிரலை வைக்காதே, உன் துடிப்பையே எண்ணிவிடுவாய். ஓய்வில் நிற்கிற வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. வெப்பநிலை 37.5 முதல் 38.5 பாகை. ஏழு நாள், காலையும் மாலையும், ஒரு கொப்பியில் எழுது. நேரம், நாடி, மூச்சு, சாணம் எத்தனை, சாப்பிட்டது என்ன, குளம்பு எப்படி. பிறகு இங்கே வா. டோஹாத் தம்பி சொன்ன அந்த வாய் இப்படித்தான் வரும், அதற்கு விசா தேவையில்லை.

கணக்குப்பிள்ளை_72 | வெள்ளி காலை 7.15

கொப்பி நல்ல யோசனைதான். ஆனால் கொப்பிக்குச் சம்பளம் வராது. கேட்கிறேன், இதில் எந்த வேலைக்கு நம் ஊரிலேயே ஆள் தட்டுப்பாடு?

ரேஸ்கோர்ஸ்_தாத்தா | வெள்ளி காலை 9.00

லாடம். சந்தேகமே இல்லை. ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொரு குதிரைக்கும் குளம்பு சீவி, லாடம் மாற்ற வேண்டும். குதிரை ஓடினாலும் சும்மா நின்றாலும் குளம்பு வளரும். சீசன் கணக்கு அதற்குத் தெரியாது. என் காலத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் செத்துப்போனார், மற்றவருக்கு முதுகு போய்விட்டது. இப்போது யாரோ வெளியிலிருந்து வந்து ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் அடித்துவிட்டுப் போகிறார்கள் என்று கேள்வி. குளம்பின் அடியில் ஓரமாகத் தெரிகிற வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஆணி இறங்க வேண்டும். ஒரு நூல் உள்ளே போனால் குதிரை மூன்று காலில் நிற்கும். அரமும் குறடும் யாரும் வாங்கலாம். அந்த ஒரு நூல் கணக்கு நாலு வருடம் குனிந்து நின்றால்தான் வரும்.

ஹட்டன்_டு_ஹெரிபோர்ட் | வெள்ளி மாலை 3.50

தாத்தா நாலு வருடம் என்றது வியப்பாக இருக்கிறது. இங்கேயும் ஏறக்குறைய நாலு வருடம்தான். பதிவுபெற்ற லாடக்காரர் ஒருவரிடம் பயிலுநராகச் சேர வேண்டும், இடையிடையே கல்லூரிக்குப் போய்வர வேண்டும். நான் இருக்கிற ஹெரிபோர்டில் அப்படி ஒரு கல்லூரி இருக்கிறது. நெருப்பில் இரும்பைக் காய்ச்சி அடிக்கிற சத்தம் வாசல் வரை கேட்கும். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவில்லாத ஆள் இன்னொருவரின் குதிரைக்கு லாடம் அடித்தால் இங்கே குற்றம். சொந்தக் குதிரையாக இருந்தாலும் சும்மா அடிக்க முடியாது. என் மகளுக்கு அது தெரிந்தபோது, "அப்பா, உங்கள் ஊரில் யார் வேண்டுமானாலும் அடிக்கலாமா?" என்று கேட்டாள்.

கொட்டகலை_டீச்சர் | வெள்ளி இரவு 8.25

நானும் கொஞ்சம் விசாரித்தேன். என்.வி.கியூ (தேசியத் தொழில் தகைமை) பட்டியலை மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்தேன். பேக்கரி இருக்கிறது, வெல்டிங் இருக்கிறது, குதிரை என் கண்ணில் படவில்லை. ஆனால் படிக்காமல் வேலை பழகியவரைப் பரீட்சித்துச் சான்றிதழ் கொடுக்கிற முறை அந்தத் திட்டத்தில் இருக்கிறது. மேசன்மார் பலர் அப்படி வாங்கியிருக்கிறார்கள். தாத்தா மாதிரி 31 வருடக்காரர் ஒருவருக்கு அப்படி ஒரு காகிதம் கொடுக்க இந்த நாட்டில் யாருக்கும் தோன்றவில்லையே என்றுதான் எனக்கு ஆற்றாமை. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்பார்கள். இங்கே கவர்னர்ஸ் கப் என்றால் எல்லா வாயும் திறக்கிறது.

பிள்ளைக்கு நான் சொல்வது: வெல்லஸ்ஸவுக்கு விண்ணப்பி. அது நான்கு வருடம் உனக்கு வீட்டோடு சண்டையில்லாத பட்டம். லீவில் லாயம். பட்டத்தோடு ஸ்டட் பண்ணைப் பாடநெறிக்குப் போடுகிற பிள்ளையும் வெறுங்கையோடு போடுகிற பிள்ளையும் ஒன்றல்ல. கொழும்பில் பொலிஸ் குதிரைப் பிரிவும் இருக்கிறது. பொலிஸில் சேர்ந்தால்தான் அந்தக் கதவு, ஆனால் அரசாங்கச் சம்பளம். அண்ணன் அம்மாவிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

டோஹா_சைஸ் | சனி அதிகாலை 1.12

தங்கச்சி, இங்கிலீஷை விடாதே. ஸ்டேஜ் பரீட்சை எல்லாம் வாய்ப்பேச்சில் கேட்பார்கள் என்று இங்கே இருக்கிற பிள்ளைகள் சொல்கிறார்கள். போனியைத் தடவிக்கொண்டே ஒவ்வொரு உறுப்பின் பெயரையும் இங்கிலீஷில் சத்தமாகச் சொல்லிப் பழகு. போனி சிரிக்காது.

நானுஓயா_அண்ணன் | அடுத்த வெள்ளி இரவு 8.00

எல்லாருக்கும் நன்றி. வெல்லஸ்ஸவுக்குப் போடுவதாக முடிவு. அம்மா சம்மதம் என்று சொல்லவில்லை. ஆனால் நர்சிங் படிவத்தை மேசையில் இருந்து எடுத்துவிட்டார். நேற்று காலை தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகமுன், "அந்தக் குதிரைக்கு இன்னைக்கு எவ்வளவு துடிப்பு?" என்று இவளிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

நானுஓயா_தங்கச்சி | அடுத்த வெள்ளி இரவு 8.35

டொக்டர், ஏழு நாள் கொப்பி முடிந்தது. முதல் நாள் நாடி கிடைக்கவே இருபது நிமிடம் ஆனது, மூன்று முறை என் துடிப்பையே எண்ணினேன். இப்போது ஒரு நிமிடத்துக்குள் பிடித்துவிடுவேன். காலையில் 36 முதல் 40. ஞாயிறு மாலை மட்டும் 52 வந்தது, பயந்துபோனேன். பிறகுதான் தெரிந்தது, சித்தப்பா அப்போதுதான் ஒரு பிள்ளையை ஏற்றி இரண்டு சுற்றுப் போய்வந்திருக்கிறார். அரை மணி கழித்து எடுத்தேன், 40. மூச்சு 12, 14. சாணம் ஒன்பது, பத்து. புதன் மட்டும் ஆறு. அன்றைக்குச் சுற்றுலா வந்தவர்கள் ஒரு பை கரட்டும் பாணும் கொடுத்திருக்கிறார்கள். சித்தப்பாவிடம் "உணவு கொடுக்க வேண்டாம்" என்று மூன்று மொழியிலும் ஒரு பலகை எழுதித் தருகிறேன் என்றேன், சரி என்றார்.

குளம்பு: மணம் போய்விட்டது. இடப்பக்கப் பள்ளத்தில் கறுப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கொக்கி வைத்தால் காலை இழுக்கவில்லை.

ஏர்ப்பு ஊசி எப்போது போட்டது என்று சித்தப்பாவுக்கு நினைவில்லை. திங்கட்கிழமை மிருக வைத்திய அலுவலகத்துக்கு நானே போகிறேன்.

ரேஸ்கோர்ஸ்_தாத்தா | அடுத்த வெள்ளி இரவு 8.50

மற்ற மூன்று காலையும் பார்த்தாயா?

நானுஓயா_தங்கச்சி | அடுத்த வெள்ளி இரவு 8.53

முன் வலது சுத்தம். பின்னங்கால் இரண்டையும் தூக்க இன்னும் பயம் தாத்தா. நாளைக்கு சித்தப்பா பிடிக்கிறேன் என்றார்.